திண்டிவனம் பங்களாவில் தண்ணீர் நின்ற கதை

நாடு முழுக்க அணை கட்டி ஆறுகளை நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், திண்டிவனத்தில் எங்கள் இலாகாவால் ஒரு வாஷ் பேசினில் தண்ணீரை நிறுத்த முடியவில்லை. ஓட்டையின் அகலம் இரண்டு விரல். அதை அடைக்க ஒரு ஓவர்சியர், ஒரு குமாஸ்தா, விழுப்புரத்தில் ஒரு ஸ்டோர் கீப்பர் எல்லோரும் சேர்ந்து இரண்டு மாதம் உழைத்தோம். அந்தக் குமாஸ்தா நான்தான். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அந்தத் திமிரைத் தவிர வேறு தகுதி எதுவும் என்னிடம் கிடையாது. இலாகா எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற இலாகாக்காரர்கள் தாங்கள் யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் இலாகாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு பங்களா இருந்தது. பெரிய அதிகாரிகள் கேம்ப் வந்தால் தங்குவதற்காக வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போனது. உயரமான கூரை, பிரம்பு நாற்காலிகள், குளியலறைச் சுவரில் பீங்கான் வாஷ் பேசின். பேசினின் அடியில் தண்ணீர் இறங்க ஒரு ஓட்டை, அதை அடைக்கக் கறுப்பு ரப்பரில் ஒரு தக்கை, தக்கை தொலையாமலிருக்க ஒரு சங்கிலி. இந்தத் தக்கை எதற்கு என்பது எங்களில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. நாங்கள் ஓடுகிற தண்ணீரில் முகம் கழுவுகிற ஜாதி. குழாயைத் திறந்தோமா, இரண்டு கையால் ஏந்தி அடித்தோமா, துப்பினோமா, முடிந்தது. சோப்பு நுரையும் எச்சிலும் மிதக்கிற தண்ணீரைத் தேக்கி வைத்து அதையே மறுபடி அள்ளி முகத்தில் போட்டுக்கொள்வதா? வெள்ளைக்காரன் ஏன் ஊரைவிட்டுப் போனான் என்பதற்கு எங்கள் ஓவர்சியர் இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்.

பங்களாவைப் பார்த்துக்கொள்ள ஒரு வாட்ச்மேன் இருந்தார். நாற்பது வயது இருக்கும். மயிலம் போகிற வழியில் ஓர் ஏரிக்கரை ஊரின் சேரியிலிருந்து தினம் நடந்து வருவார். பதினோரு வருஷமாக டெம்ப்ரரி. 'அவர்' என்று இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவரை. இந்த 'அவர்' எனக்கு ரொம்பத் தாமதமாக வந்த மரியாதை. ஓவர்சியர் 'டா' போட்டே கூப்பிடுவார். வாட்ச்மேன் கிணற்றில் இறைத்து, ஏணியில் ஏறி, மாடித் தொட்டியை வாளி வாளியாக நிரப்புவார். அந்தத் தண்ணீரில் ஓவர்சியர் முகம் கழுவுவார், குளிப்பார். குடிக்க மட்டும் கூஜாவில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவருவார். இந்தக் கணக்கு எங்களுக்கெல்லாம் சரியாகவே பட்டது.

தக்கையை வாட்ச்மேன் சர்க்கார் சொத்தாகவே பாவித்தார். யாரும் உபயோகிக்காத சாமான் ஈரத்தில் கிடந்து கெட்டுப்போகக் கூடாதென்று, மேற்கு ஜன்னலோரம் ஆணி அடித்து, அதில் மாட்டி வைத்தார். பதினோரு வருஷம் சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்தது. ரப்பர் காய்ந்து, சுருங்கி, விளிம்பெல்லாம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. உபயோகித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்திரப்படுத்தியதால் கெட்டது.

இந்த நேரத்தில்தான் கடலூரிலிருந்து புதிய பெரிய அதிகாரி கேம்ப் வந்தார். நம் ஊர்க்காரர்தான். ஆனால் சவர விஷயத்தில் வெள்ளைக்காரனின் தத்துப்பிள்ளை. காலையில் ஆணியிலிருந்து தக்கையை எடுத்து மாட்டி, பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து, முகமெல்லாம் நுரை பூசிக்கொண்டு, ரேசரை நனைக்கக் குனிந்திருக்கிறார். பேசின் வறண்டு கிடந்தது. மறுபடி பிடித்தார். ஒரு கன்னம் முடிவதற்குள் மறுபடி வறண்டது. மூன்றாம் தடவை மாடித் தொட்டியே காலி. பாதி நுரையோடு அவர் சத்தம் போட, வாட்ச்மேன் வாளியோடு ஓட, அன்றைய நாள் அப்படி விடிந்தது.

போகும்போது ரிமார்க் புஸ்தகத்தில் ஒரே வரி எழுதினார்: பேசினில் தண்ணீர் நிற்பதில்லை. கூடவே ஓவர்சியரிடம் இன்னொன்றும் சொன்னார். வாட்ச்மேனைப் பர்மனென்ட் செய்யும் ஃபைல் அவர் மேஜைக்கு வந்திருந்தது. "அடுத்த கேம்ப்ல பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன். பங்களாவை முதல்ல ஒழுங்கா வெச்சுக்கச் சொல்லுங்க."

பர்மனென்ட் ஆனால் பங்களாவின் பின்னாலிருந்த அவுட்ஹவுஸ் வாட்ச்மேனுக்குக் கிடைக்கும். பெண்டாட்டி பிள்ளைகளோடு டவுனில் இருக்கலாம். ஏரிக்கரை ஊரில் யார் கூப்பிட்டாலும் ஓடவேண்டிய அவசியம் இருக்காது. அன்று சாயங்காலம் அவர் அந்தத் தக்கையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினோரு வருசம் ஒருத்தரும் இத இன்னான்னு கேக்கல சார். இப்ப இதுல வந்து நிக்குது என் பொயப்பு" என்றார்.

தக்கை வாங்கக் கடைக்குப் போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சர்க்கார் ஓட்டையைச் சர்க்கார் தக்கைதான் அடைக்கவேண்டும். நான் விழுப்புரம் ஸ்டோருக்குக் கடிதம் டைப் அடித்தேன். பத்து நாளில் பதில் வந்தது: விட்டம் என்ன? ஓவர்சியர் அளந்து சொன்னார். அடுத்த பத்து நாளில் இன்னொரு பதில்: மாதிரி அனுப்பவும். உடனே இருந்த ஒரே தக்கையைச் சங்கிலியிலிருந்து கழற்றி, காகிதத்தில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினோம். அதுவரை ஒழுகுகிற தக்கை ஒன்றாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஒரு மாதம் ஓடியபின் என்னை நேரில் போகச் சொன்னார்கள். விழுப்புரம் எனக்குச் சொந்த ஊர்ப் பக்கம். திருவாமாத்தூரில் எங்களுக்கு நாலு காணி நிலம் இருந்தது. சர்க்கார் செலவில் வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிடலாம் என்று சந்தோஷமாகவே பஸ் ஏறினேன். விக்கிரவாண்டியில் மல்லாட்டை வாங்கி, கடலையை உரித்துக் கொறித்துக்கொண்டே போய் ஸ்டோரில் இறங்கினேன். ஸ்டோர் கீப்பர் வெற்றிலை போட்டுக்கொண்டு, எங்கள் தக்கையைக் காகிதப் பாரமாக மேஜைமேல் வைத்திருந்தார்.

"இது தனியா வராது தம்பி. பேசினோட சேந்துதான் வரும்" என்றார்.

"அப்ப பேசினோடவே குடுங்க சார்."

"பழைய பேசின் உபயோகமில்லன்னு ரிப்போர்ட் வேணுமே. ஒடஞ்சிருக்குதா?"

"இல்லிங்க, நல்லா இருக்குது."

"நல்லா இருக்கிறத எப்பிடிப்பா மாத்துறது?" என்று என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

எங்கள் பழைய தக்கையையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். உள்ளே வந்த சாமான் உத்தரவு இல்லாமல் வெளியே போகாதாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, வெறுங்கையோடு திண்டிவனம் திரும்பினேன். நடந்ததைச் சொன்னதும் ஓவர்சியர் பேசினையும், மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் விளையாட்டுக்குப் பார்க்கவில்லை.

கடப்பாரையிலிருந்து பேசினைக் காப்பாற்றியவர் வாட்ச்மேன்தான். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கேட்டவர், தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எங்க ஊட்ல பரம்பரையா ஏரி மதகு வேல. கொள்ளளவு தண்ணி நிக்கறப்ப முழுவிப் போயி கட்ட வெச்சு அடைக்கிறவுங்க நாங்க. இத்தினியூண்டு ஓட்டைக்கு எதுக்கு சார் விழுப்புரம்? நானே ஒண்ணு செஞ்சு குடுத்துர்றேன்."

ஏரி மதகின் துவாரத்தை, கூம்பாகச் செதுக்கிய ஒரு கட்டையில் துணி சுற்றி இறுக்கித்தான் அடைப்பார்கள். தண்ணீரில் ஊற ஊறக் கட்டை உப்பி, ஒரு சொட்டுக்கூட விடாமல் பிடித்துக்கொள்ளும். எங்கள் நாலு காணியும் அப்படித் தேக்கிய தண்ணீரில்தான் விளைந்தது. அந்தக் கட்டையை வைப்பவரின் வீடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

மறுநாளே வாட்ச்மேன் கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு தக்கை செதுக்கிக் கொண்டுவந்தார். பழைய வேட்டிக் கிழிசலை எண்ணெயில் தோய்த்து அதைச் சுற்றியிருந்தார். பேசினில் செருகி, தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டோம். சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. இரண்டு மாதக் கடிதப் போக்குவரத்து சாதிக்காததை ஒரு முருங்கைக் கட்டை சாதித்துவிட்டது. எனக்கு அன்று வந்த சந்தோஷம் உண்மையான சந்தோஷம். அவர் தோளைத் தட்டலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். தட்டவில்லை.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஓவர்சியர் விடவில்லை. வெள்ளைக் கட்டை சர்க்கார் தக்கை மாதிரி இல்லையாம். கறுப்பாக இருந்தால்தான் அதிகாரி ரப்பர் என்று நினைப்பாராம். பஜாருக்குப் போய் பூட் பாலிஷ் வாங்கிவந்தது நான். இரண்டு கோட்டிங் பூசித் துடைத்தவனும் நான்தான். பழைய சங்கிலியையும் ஒரு சின்ன ஆணியால் அதில் தைத்தோம். பார்த்தால் அசல் சீமைத் தக்கை. பிறகு ஓவர்சியர் இன்னொரு உத்தரவு போட்டார். கேம்ப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே தக்கையைச் சுத்தியால் தட்டி இறக்கி, பேசினை நிரப்பி வைக்கவேண்டும். அதிகாரி உள்ளே நுழையும்போதே நிற்கிற தண்ணீரைப் பார்க்கவேண்டும்.

வாட்ச்மேன் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு நாளு ஊறினா கட்ட கெட்டியா புடிச்சிக்கும் சார். ஏரியில அதான் நமக்கு வேணும். இங்க அவுரு புடுங்கணுமே? காலைல வெச்சா போதும் சார்."

"டேய், அவரு இன்னா எழுதினாரு? தண்ணி நிக்கலன்னு எழுதினாரு. நிக்குதில்ல? போவலன்னு எழுதட்டும், அப்ப பாத்துக்கலாம். ஜல்தியா வேலயப் பாரு" என்றார் ஓவர்சியர். சர்க்கார் உத்தியோகத்தில் இதைவிடத் தெளிவான சிந்தனையை நான் பிறகு பார்த்ததில்லை.

அதிகாரி வந்தார். காலையில் குளியலறைக்குள் போய், பேசினைப் பார்த்து "குட்" என்றார். நாங்கள் வராந்தாவில் வரிசையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். ரேசர் தண்ணீரில் அலம்பும் சத்தம் வந்தது. முகத்தில் தண்ணீர் அள்ளி அடிக்கும் சத்தம் வந்தது. வாட்ச்மேன் கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. பிறகு சங்கிலியை இழுக்கும் சத்தம். இன்னொரு தரம். அதன் பிறகு ஆணியோடு சங்கிலி கழன்று தரையில் விழுந்தது.

அதிகாரி வெளியே வந்தார். பூட் பாலிஷ் தண்ணீரில் கரைந்திருந்தது. இடது காதுக்குக் கீழே தொடங்கி, தாடையைச் சுற்றி, கழுத்துவரை ஒரு கறுப்புப் பட்டை. ஜன்னல் கதவு சாத்தியிருந்த அரை வெளிச்சத்தில் அவருக்கே அது தெரியவில்லை. கையில் வெறும் சங்கிலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா இது?" என்றார்.

வாட்ச்மேன் உள்ளே ஓடினார். சொம்பால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றி, கட்டையின் நடுவில் ஒரு திருகாணியை முடுக்கி, கயிறு கட்டி இழுத்தார். கட்டை வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த அதிகாரி, ஆச்சரியம் என்னவென்றால், சிரிக்கத்தான் போனார். உதடு அதற்குத் தயாராகிவிட்டது. "யார் பண்ணது இது?" என்றார்.

"வாட்ச்மேன் பண்ணிட்டான் சார். எங்களுக்குத் தெரியாது சார்" என்றார் ஓவர்சியர், மூச்சு விடுவதற்குள்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். என் விரல் நகங்களில் அப்போதும் பூட் பாலிஷ் இருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஆனால் அவர் அந்த நேரத்தில் தனக்காகப் பேச நினைக்கவில்லை. அதிகாரியின் கழுத்தைக் காட்டி, "சார், மூஞ்சில..." என்று ஆரம்பித்தார். ஓவர்சியர் அவர் காலை மிதித்தார். பெரிய அதிகாரியின் முகத்தில் கறுப்பு இருக்கிறதென்று சொல்வதா? அதுவும் இவர் சொல்வதா? எங்கள் மரியாதை சாஸ்திரத்தில் மேலதிகாரிக்கு முகம் கிடையாது. அவர் சட்டைப் பொத்தானுக்குமேல் நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. அதிகாரி சங்கிலியை நாற்காலியில் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அன்று பகல் முழுக்க அந்தக் கறுப்புப் பட்டையோடு அவர் ரோடு பார்த்தார், பாலம் பார்த்தார். ஒரு டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் எங்களுக்குச் சுத்தம் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். நாங்கள் தலையைத் தலையை ஆட்டினோம். விக்கிரவாண்டிப் பக்கம் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து அவர் கையை ஆட்டினார். சாயங்காலம் பங்களாவுக்குத் திரும்பி, விளக்கைப் போட்டுக் கண்ணாடி பார்த்தபோதுதான் தெரிந்தது.

காலையில் சிரித்திருக்கக்கூடிய மனுஷன் சாயங்காலம் அடுப்புபோலக் கொதித்தார். யாரிடம் கத்துவது? நாள் முழுக்க எங்கள் முன்னால் அப்படி நின்றதை ஒப்புக்கொள்ளாமல் எங்களைத் திட்ட முடியாது. அதனால் ஃபைலை எடுத்தார். சர்க்கார் பொருளில் அனுமதியின்றிக் கை வைத்தவரை நிரந்தரம் செய்ய வேண்டாம், விளக்கம் கேட்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் இலாகாவில் அதற்கு மூன்று நகல் எடுப்போம்.

மெமோவை டைப் அடித்தது நான். வாட்ச்மேனுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் அதற்குப் பதிலை டைப் அடிக்கவேண்டியவனும் நான்தான். இரண்டும் இங்கிலீஷ். அவர் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் நின்று, நிதானமாகச் சொன்னார்.

"தண்ணி நின்னுச்சு. ரெண்டு நாளு ஒரு சொட்டு எறங்கல. ஊறினா புடுங்க வராதுன்னு நான் மொதல்லயே சொன்னேன். அவ்ளோதான் சார். இது ரெண்டையும் எழுதிடுங்க."

இரண்டாவது வரியை எழுதினால் ஓவர்சியர் மாட்டுவார். என் வேலையைப் பற்றி வருஷா வருஷம் ரகசிய ரிப்போர்ட் எழுதுகிறவர் ஓவர்சியர். முதல் வரியை மட்டுமாவது எழுதியிருக்கலாம். அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. அறியாமையால் செய்த பிழை, கருணை கூர்ந்து பொறுத்தருள வேண்டும் என்று அடித்தேன். ஹையர் பாஸ் ஆயிற்றே, ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அவர் அதன் அடியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். மையைத் துடைத்துக்கொள்ள நான் காகிதம் கொடுத்தேன். "டேங்ஸ் சார்" என்றார்.

டெம்ப்ரரி ஆளை நிறுத்த ஆர்டர்கூட வேண்டியதில்லை. அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து வரவேண்டாம் என்று ஓவர்சியர் வாயால் சொன்னார், தீர்ந்தது. அவுட்ஹவுஸில் ஓவர்சியரின் தூரத்து உறவுக்காரர் ஒருவர் புது வாட்ச்மேனாகப் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். கொஞ்ச நாள் கழித்து விழுப்புரத்திலிருந்து ஒரு புத்தம்புதிய தக்கை வந்தது, பேசின் இல்லாமல் தனியாகவே. தனியாக வராது என்று சொன்ன அதே ஸ்டோர் கீப்பரின் கையெழுத்தோடு. அதற்குள் அந்த அதிகாரி மாற்றலாகிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் எங்களைப் போலக் குழாயடியில் முகம் கழுவுகிறவர். புது வாட்ச்மேன் புதுத் தக்கையைப் பத்திரமாக மேற்கு ஜன்னலோரத்து ஆணியில் மாட்டினார். அது அங்கேதான் தொங்கியது.

கார்த்திகை மாதம், நல்ல மழை ஓய்ந்த ஒரு காலையில் ஏதோ காகிதத்தோடு சைக்கிளில் மயிலம் ரோட்டில் போனேன். ஏரி நிரம்பி, கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மதகுக்குப் பக்கத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் ஒருவர் நின்றிருந்தார். கரையில் இரண்டு மிராசுதாரர்கள் குடை பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தட்டுடா, கசியுது பாரு" என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். யாரென்று தெரிந்ததும் சைக்கிளை வேகமாக மிதிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"சார்! நல்லா கீறீங்களா?"

இறங்கினேன். ஏதாவது கேட்டுவிடுவாரோ, திட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, சும்மா ஊர் சமாசாரம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"அன்னிக்குப் பதில் அடிச்சீங்களே சார், அதுல தண்ணி நின்னுச்சுன்னு எழுதினீங்கதான?"

"எழுதினேன்" என்றேன்.

"அப்ப சரி சார். வேல போனா போவுது, எழுத்துல இருக்குதில்ல. என்னைக்காச்சும் ஒருத்தரு படிப்பாரு."

கரையிலிருந்து மறுபடி அதட்டல் வந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழுகினார். அவர் மேலே வருவதற்குள் நான் சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன்.